வேலை போன பிழைகள் ரிசப்ஷனுக்கு வந்த கதை

எங்க கம்பெனி சாஃப்ட்வேரோட எட்டாவது வெர்ஷன் வெளியான வியாழக்கிழமை காலையில, எங்க முதலாளி வெயிலுமுத்து சார் வாசல்ல உடைச்ச பூசணிக்காயோட குங்குமத் தண்ணி படியில இன்னும் வழிஞ்சுக்கிட்டு இருக்கும்போதே, அதை மிதிச்சிடாம ஓரம் ஓரமா ஒதுங்கி அஞ்சு பேரு மாடியேறி வந்து, கையில இருந்த பையையும் பெட்டியையும் கீழ வச்சிட்டு, என் எதிர்ல இருந்த நாற்காலியில வரிசையா உக்காந்தாங்க. நான் தலை நிமிராமலே விசிட்டர் நோட்டைத் தள்ளுனேன். பேரு எழுதுற கட்டத்துல அஞ்சு பேரும் நம்பர் எழுதுனாங்க. நானூத்தி நாலு, நானூத்தி இருவத்திரெண்டு, நானூத்தி இருவத்தொம்போது, ஐநூத்தி மூணு. கடைசி நாற்காலியில பித்தளைக் கெட்டிலை மடியில வச்சிட்டு உக்காந்திருந்த ஆளு நானூத்திப் பதினெட்டுன்னு எழுதிட்டு பேனாவை மூடி பத்திரமா திருப்பிக் குடுத்தாரு. பேனாவைத் திருப்பிக் குடுத்த முதல் விசிட்டர் அவருதான்.

"யாரைப் பாக்கணும்?"ன்னேன்.

"எங்களைப் பத்தி கையேட்ல எழுதுனவங்களைம்மா"ன்னாரு நானூத்தி நாலு. மெலிஞ்ச ஆளு, மஞ்சப்பை, அடிக்கடி தலையை இடமும் வலமுமா ஆட்டுற பழக்கம். "எங்களுக்கு இன்ன இன்ன வேலைன்னு உங்க கையேட்ல எழுதியிருக்கு. போய்ப் பாத்தா அங்க எங்களுக்கு வேலை இல்ல. என்னன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

"உக்காருங்க, டீ வரும்"ன்னேன். பதினொரு வருஷமா ரிசப்ஷன்ல உக்காந்திருக்கேன். வேலை போச்சுன்னு வந்து உக்கார்றவங்களை நான் பாக்காததா?

நான் லில்லி புஷ்பம். பாளையங்கோட்டையில ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில இருக்கு எங்க கம்பெனி. எங்க பிழைப்பு ஒரு ஜன்னல். அதை ஏபிஐன்னு சொல்லுவாங்க, எனக்கு அது ஜன்னல்தான். ஜில்லாவுல இருக்கிற ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரெல்லாம் அந்த ஜன்னல்ல கையை நீட்டி, இந்த வகை ரத்தம் இருக்கான்னு கேக்கும். அந்தப் பக்கம் ரத்த வங்கிங்க இருக்கு. இருந்தா 'இருக்கு'ன்னு பதில் வரும். ஜன்னல் சொல்ற ஒவ்வொரு பிழைக்கும் ஒரு நம்பர் உண்டு; ரத்தம் இல்லன்னா நானூத்தி நாலு வந்து 'இல்லை'ம்பாரு. அவரு 'இல்லை'ன்ன மறு நிமிஷம் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் அடுத்த வங்கிக்கு ஓடிப்போய்க் கேக்கும். ஆஸ்பத்திரிக்காரங்க அப்படித்தான் எழுதி வச்சிருந்தாங்க, ஏன்னா ஜன்னலை எப்படித் தட்டணும்னு நாங்க குடுத்த கையேடு அப்படித்தான் சொல்லுச்சு.

எனக்கு அது சும்மா ஜன்னல் இல்ல. என் மக கிரேஸிக்கு அப்ப ஒம்போதாம் மாசம் பிறக்கப்போகுது. அவளுக்கு ஓ நெகட்டிவ். நஞ்சுக்கொடி கீழ இறங்கி இருக்கு, பிரசவத்துல ரத்தம் கூடப் போகலாம், ரெண்டு பாட்டில் உடனே கிடைக்கணும்னு டாக்டரம்மா சொன்ன அன்னையிலிருந்து எனக்குச் சோறு இறங்கல. ஒரே தைரியம், அந்த ஆஸ்பத்திரி எங்க ஜன்னல்லதான் ரத்தம் கேக்குது. நம்ம ஆபீஸ் சாமான் நம்ம பிள்ளையைக் கைவிடாதுன்னு நான் ஜெபம் பண்ணும்போதுகூட ஆண்டவர்கிட்ட அந்த ஜன்னலைப் பத்தி ரெண்டு வார்த்தை சேத்தே சொல்லிக்கிட்டு இருந்தேன்.

இப்ப எங்க ஆபீஸ் வழக்கத்தைச் சொல்லணும், அதைச் சொல்லாட்டா கதை விளங்காது. வெயிலுமுத்து சார் நல்ல மனுசன், ஆனா பயந்தவரு. புது வெர்ஷன் வெளியாகுற வாரத்துல ஆபீஸுக்குள்ள யாரும் 'தப்பு'ங்கிற வார்த்தையைச் சொல்லக்கூடாது. ஏதாவது உடைஞ்சா 'ஒரு சமாச்சாரம் வந்திருக்கு சார்'னுதான் சொல்லணும். கையேட்ல எல்லாப் பக்கத்தையும் திருத்தலாம், பிழைகளைப் பத்தின பக்கத்தை மட்டும் அந்த வாரம் தொடக்கூடாது. தொட்டா ராசியில்லையாம், தொட்டவங்க கை வழியா அது வந்து ஒட்டிக்குமாம். எங்க ஆபீஸ்ல எந்த வாரம் ரிலீஸ் வாரம் இல்ல? அதனால அஞ்சாவது வெர்ஷனுக்கு எழுதுன அந்தப் பக்கத்தை ஆறுக்கும் ஏழுக்கும் எட்டுக்கும் அப்படியே நகல் எடுத்து, தலையில இருந்த நம்பரை மட்டும் மாத்தி, குங்குமம் வைக்காத குறையா ஏத்திக்கிட்டே வந்தாங்க. இதுக்கு நடுவுல அடியில இருக்கிற ஃப்ரேம்வொர்க், அதாவது வெளியிலிருந்து வாங்கிப் போட்டு அதுமேல நம்ம வீட்டைக் கட்டுற அஸ்திவாரம், மூணு தடவை மாறிப்போச்சு. அஸ்திவாரம் மாறுனா எந்தக் கதவு எங்க திறக்கும்னு யாரு போய்ப் பாத்தா?

பாக்கணும்னு சொன்னது ஒருத்திதான். உம்மு ஹபீபா, மேலப்பாளையத்துப் பிள்ளை, கையேடு எழுதுறதுக்குன்னே எட்டு மாசத்துக்கு முன்னால சேந்தவ. "சுடலைமணி அண்ணே, அந்தப் பக்கத்தை ஒரு தடவை சரி பாத்துக்கிடுதேன்"ன்னு அவ கேக்கும்போதெல்லாம், எங்க தலைமைப் புரோகிராமர் சுடலைமணி ரெண்டு கையையும் கூப்பி, "ஏ தாயி, ரிலீஸ் வாரம் தாயி, ஆள விடு"ம்பான்.

அஞ்சு பேரு வந்து உக்காந்ததும் வெயிலுமுத்து சார் திருநீறு பூசிட்டு எட்டிப் பாத்தாரு, உள்ள போனாரு, மறுபடி எட்டிப் பாத்தாரு. "லில்லிம்மா, இவங்கள்லாம் எப்பப் போவாங்க?"ன்னாரு. "வேலை கிடைச்சாப் போவாங்க சார்"ன்னேன். "சரி, ஏசி காத்து படுற மாதிரி உக்கார வைங்க"ன்னுட்டு கதவைச் சாத்திக்கிட்டாரு. விஷயம் அவ்வளவுதான். ஊரும் அதை அவ்வளவு சாதாரணமாத்தான் எடுத்துக்கிடுச்சு.

முதல் வாரத்துலேயே கீழ பாத்திரக்கடை அண்ணாச்சி படியேறி வந்து, ஆவணி முகூர்த்தக் கூட்டம் கடையைப் பிரிச்சு மேயுது, விசிலோட உக்காந்திருக்கிற அந்தத் தம்பியைக் கொஞ்சம் அனுப்புங்கன்னு நானூத்தி இருவத்தொம்போதைக் கூட்டிட்டுப் போனாரு. அவரு கடை வாசல்ல நின்னு, "நிமிஷத்துக்குப் பத்துப் பேரு, மிச்சப் பேரு அறுபது எண்ணிட்டு வாங்க"ன்னு விசில் அடிச்சாரு. கல்யாணத்துக்கு அண்டா வாங்க வந்த பெண்டுக எல்லாம் தெருவுல நின்னு ஒண்ணு ரெண்டுன்னு எண்ண ஆரம்பிச்சாங்க. எதிர்த்த இ-சேவை மையத்துல நானூத்தி இருவத்திரெண்டு, அந்தக் கண்ணாடி போட்ட டீச்சரம்மா மாதிரி இருந்த பொம்பளை, கூலி கீலி ஒண்ணும் கேக்காம போய் உக்காந்து, "ஜூனுக்கு முப்பது நாள்தான், முப்பத்தொண்ணு போட்டிருக்கீங்க. அப்பா பேரு கட்டம் காலியா இருக்கு. எடுத்துட்டுப் போங்க"ன்னு சிவப்புப் பேனாவால வட்டம் போட்டுக் குடுக்க, அந்த மாசம் எங்க தெருவுல ஒரு மனுவும் திரும்பி வரல. பனைவிசிறியோட வந்த பெரியவரு ஐநூத்தி மூணு, கிரெடிட் கார்டு விக்க வர்ற பயல்களை எல்லாம், "இப்ப முடியாது தம்பி, சரியா அரை மணி நேரம் கழிச்சு வாங்க"ன்னு அவ்வளவு மரியாதையாத் திருப்பி அனுப்புனாரு, அவனுங்க கோவப்படாம போய்ட்டு சரியா அரை மணி நேரம் கழிச்சு வந்தானுங்க. கெட்டில்காரரு டீக்கடைக்குப் போய்ட்டாரு. காபி கேட்டா மட்டும், "நான் டீ கெட்டில், காபி போட மாட்டேன்"ன்னு கறாரா நின்னாரு. ரெண்டே வாரத்துல அந்தக் கடையில காபி கேக்குறதை ஜனங்க விட்டுட்டாங்க.

இப்படி நாலு பேரு ஊரோட கலந்துட்டாங்க. சாருக்கே அவங்க போயிடக்கூடாதுன்னு ஆயிடுச்சு, "சும்மா வந்த ஆளுங்க லில்லிம்மா, பாருங்க எவ்வளவு உபகாரம்"ன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாரு. நானூத்தி நாலு மட்டும் எங்கேயும் போகல. என் எதிர்லயே மஞ்சப்பையோட உக்காந்திருந்தாரு. சீனி டப்பாவைத் திறக்குறதுக்கு முன்னாலயே, "இல்லைம்மா"ம்பாரு. ஸ்டேப்ளர் பின் தேடுனா, "இல்லைம்மா, ரெண்டாவது டிராயர்லயும் இல்லை"ம்பாரு. தேடி அலையிற நேரம் எனக்கு எவ்வளவு மிச்சமாச்சுங்கிறீங்க? இல்லாததை இல்லைன்னு உடனே சொல்ற மனுசன் ஒருத்தன் பக்கத்துல இருக்கிறது எவ்வளவு பெரிய சுகம்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது.

மூணாவது வாரம் திங்கக்கிழமை, டீ குடிச்சிட்டு, நான் அவருகிட்ட கிரேஸியைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்தேன். இன்னும் ஒம்போது நாள் இருக்கு, ஓ நெகட்டிவ், ஆனா நம்ம ஜன்னல் இருக்கு, கேட்டா உடனே தெரிஞ்சிடும், ஒரு வங்கியில இல்லன்னா அடுத்ததுன்னு சொல்லச் சொல்ல, அந்த மனுசன் தலையாட்டுறதை நிறுத்திட்டாரு. கண்ணுல இருந்து பொலபொலன்னு தண்ணி.

"என்ன, என்னாச்சு?"

"நான் இங்கதானம்மா உக்காந்திருக்கேன்"ன்னாரு. "அங்க 'இல்லை'ன்னு யாரு சொல்லுவா?"

எந்திரிச்சு ஓடினேன். ஹபீபா மேசைக்கு முன்னால போய் நின்னு, "ஏட்டி, அந்த ஜன்னல்ல இல்லாத ரத்தத்தைக் கேட்டுப் பாரு, இப்பவே கேளு"ன்னேன். அவ உடனே கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்புனா. பரிசோதனைக்குன்னு வச்சிருக்கிற வங்கியில ஓ நெகட்டிவைக் காலி பண்ணிட்டு, ஆஸ்பத்திரி கேக்குற மாதிரியே கேட்டா. அஞ்சாவது வெர்ஷன்ல 'இல்லை'ன்னு வந்துச்சு. ஆறுலயும் வந்துச்சு, ஏழுலயும் வந்துச்சு. எட்டுல, வெறும் தட்டை நீட்டி, 'எல்லாம் நலம்'னு வந்துச்சு.

"கிரேஸி போற ஆஸ்பத்திரியும் எட்டுலதானே கேக்குது, இதுக்கு என்ன செய்யும்?"ன்னேன்.

ஹபீபா கையேட்டைத் திறந்து காட்டுனா. "நானூத்தி நாலு வரலைன்னா இருக்குன்னு அர்த்தம்னு நம்ம கையேடு சொல்லுது லில்லிக்கா. அங்க திரையில 'கோரிக்கை ஏற்கப்பட்டது'ன்னு வரும். அடுத்த வங்கிக்குப் போகாது. ரத்தம் வந்துக்கிட்டு இருக்குன்னு நெனச்சு வாசலைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க."

மூணு வாரமா ஒண்ணும் ஆகாததுக்கு ஒரே காரணம், மத்த வகை ரத்தமெல்லாம் முதல் வங்கியிலேயே எப்பவும் இருந்துச்சு. இல்லாததைக் கேக்குற நாள் இன்னும் வரல, அவ்வளவுதான்.

சுடலைமணி வந்து பாத்தான். "புது ஃப்ரேம்வொர்க் காலித் தட்டையும் நல்ல பதிலாத்தான் எடுத்துக்கிடும் போல. நான் கவனிக்கல லில்லிக்கா"ன்னான், முகம் வெளுத்துப்போச்சு. "மாத்திரலாம். ஆனா இந்த வியாழக்கிழமை எட்டு புள்ளி ஒண்ணு வெளியாகுது. ரிலீஸ் வாரம். சார் விடமாட்டாரு."

சார் ரூமுக்குள்ள மூணு பேரும் போனோம். மேசை மேல வியாழக்கிழமைக்கு வாங்கின பூசணிக்காய் சந்தனம் வச்சு உக்காந்திருந்துச்சு. சுடலைமணி, "சார், ஒரு சமாச்சாரம்..."ன்னு இழுத்தான். சார் காதைப் பொத்திக்கிட்டு, "அடுத்த வாரம் சொல்லு சுடலை, அடுத்த வாரம்"ன்னாரு. எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! பதினொரு வருஷம் 'குட் மார்னிங் சார்' சொன்ன வாய்தான். "தப்பு!"ன்னேன். "சார், தப்பு! நம்ம கையேட்ல தப்பு! தப்பு, தப்பு, தப்பு! என் பிள்ளை ரத்தத்துக்குக் காத்துக்கிட்டுக் கிடக்கையில உங்க ஜன்னல் காலித் தட்டை நீட்டி எல்லாம் நலம்னு சொல்லும். உங்க ராசியைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க!"

ஆபீஸ் முழுக்க விசைப்பலகைச் சத்தம் நின்னுபோச்சு. கீழ விசில் சத்தமும் நின்னுச்சு. கூரை இடியல, கரண்ட் போகல, பூசணிக்காய் வச்ச இடத்துலயே இருந்துச்சு. கதவுகிட்ட ஐநூத்தி மூணு பெரியவரு விசிறியோட வந்து நின்னாரு. "சார், எங்க பேரைச் சொன்னா நாங்க வந்துடுவோம்னு பயப்படுதீங்க. நாங்க எப்படியும் வாரவங்கதான் சார். எங்க வருவோம், எப்ப வருவோம்னு சரியா எழுதி வச்சீங்கன்னா, வந்த இடத்துல மனுசங்க ஏமாற மாட்டாங்க. எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்."

வெயிலுமுத்து சார் பூசணிக்காய் மேல இருந்த சந்தனத்தைத் துடைச்சாரு. அப்புறம் அதைத் தூக்கி என் கையில குடுத்தாரு. "மோர்க்குழம்பு வச்சிடுங்க லில்லிம்மா. ஹபீபா, நீ என்ன கேக்குறியோ அதை எல்லாரும் செய்யுங்க"ன்னாரு. மனுசன் பெரிய மனுசன்தான், சும்மா சொல்லக்கூடாது.

அன்னையிலிருந்து மூணு நாள் எங்க ஆபீஸ்ல நடந்ததை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஹபீபா பெரிய மேசையைப் போட்டு, நாலு வெர்ஷனையும் நாலு கம்ப்யூட்டர்ல ஓட விட்டு, ஊருக்குள்ள போன ஆளுகளையெல்லாம் கூப்பிட்டு, ஒவ்வொருத்தரையா எதிர்ல உக்கார வச்சு விசாரிச்சா. ஆபீஸ்ல யாரு சொன்னதையும் அப்படியே எழுதல, வந்த ஆளுக சொன்னதையும் எழுதல, பழைய பக்கத்தையும் நம்பல, ஒவ்வொரு வெர்ஷன் ஜன்னல்லயும் தானே கையை நீட்டித் தட்டிப் பாத்து, யாரு வந்து கதவைத் திறந்தாங்களோ அவங்க பேரை மட்டும் எழுதுனா. நானூத்தி இருவத்திரெண்டோட வேலை ஆறாவது வெர்ஷன்லயே நானூறுங்கிற ஆளுக்குப் போயிடுச்சுன்னு தெரிஞ்சுது. எழுதுனா. நானூத்தி இருவத்தொம்போதுக்கு வேலை போகவே இல்ல, ஒரே நிமிஷத்துல கேக்க வர்ற அறுபதாவது ஆளை நிறுத்த நிக்கணும்னு கையேடு சொல்ல, ஜன்னல் நூறாவது ஆளுக்குத்தான் அவரைத் தேடியிருக்கு, பாவம் தப்பான இடத்துல நின்னு ஏமாந்து திரும்பியிருக்காரு. அதையும் எழுதுனா. பெரியவரு ஐநூத்தி மூணுக்கு வேலை இருந்துச்சு, எப்ப திரும்பி வரணும்னு சொல்ற வாயை மட்டும் எட்டாவது வெர்ஷன் கட்டிப்போட்டிருச்சு. சுடலைமணி உக்காந்து அந்தக் கட்டை அவுத்தான், அவ அதையும் எழுதுனா. கெட்டில்காரரை, சுடலைமணி வேலைக்குச் சேந்த புதுசுல விளையாட்டுக்கு எழுதி வச்சானாம், எந்த வெர்ஷன்லயும் அவருக்கு வேலையே இருந்ததில்ல. ஹபீபா அந்த வரியை அடிச்சதும், "அப்ப நான் யாருக்கும் பாக்கி இல்லையே?"ன்னு கேட்டுட்டு, கெட்டிலைத் தூக்கிக்கிட்டுச் சிரிச்சபடி டீக்கடைக்கே நிரந்தரமாப் போய்ட்டாரு. ஒவ்வொரு வரி உண்மையானதும் ஒரு ஆளு எந்திரிச்சாங்க, பெட்டியைத் தூக்குனாங்க, என்கிட்ட வந்து விசிட்டர் நோட்டுல கிளம்புற நேரத்தை எழுதிட்டுப் படியிறங்குனாங்க.

அதோட அவ விடல. கையேட்ல இருக்கிற ஒவ்வொரு வரியும் தினம் காலையில தானாவே ஜன்னலைத் தட்டிப் பாக்கணும், எழுதியிருக்கிற ஆளுக்குப் பதிலா வேற ஆளு வந்து திறந்தா வெர்ஷன் வெளியாகக் கூடாதுன்னு ஒரு பூட்டுப் போட்டா. கையேட்டோட தலைப்புலயே, 'எட்டாவது வெர்ஷனில் மூன்று வாரம் இந்தப் பக்கம் பொய் சொன்னது, மன்னிக்கவும்'னு எழுதி எல்லா ஆஸ்பத்திரிக்கும் அனுப்புனா. அதைப் படிச்சிட்டு சாருக்கு நெஞ்சு வலிக்காத குறைதான், ஆனாலும் அந்த வரியை அடிக்கல.

வியாழக்கிழமை மதியம் மூணு மணிக்கு, நானூத்தி நாலு மட்டும்தான் மிச்சம். சுடலைமணி அவரு நாற்காலியை எட்டு புள்ளி ஒண்ணுல திரும்பப் போட்டான். ஹபீபா நாலு வெர்ஷன்லயும் தட்டுனா, நாலுலயும் 'இல்லை'ன்னு வந்துச்சு. கடைசி வரியை எழுதிட்டு, "பிஸ்மில்லா"ன்னு சொல்லி பொத்தானை அமுக்குனா. பூசணிக்காய் இல்லாம வெளியான முதல் வெர்ஷன் அது. நானூத்தி நாலு எந்திரிச்சாரு. மஞ்சப்பையைத் தோள்ல போட்டுக்கிட்டு, நோட்டுல நேரத்தை எழுதக்கூட நிக்காம, படியில தடதடன்னு ஓடுனாரு. "என்ன அவசரம்?"னு நான் கத்துனேன். "கூப்பிடுதாங்கம்மா!"ன்னு கீழ இருந்து சத்தம் வந்துச்சு.

மூணே காலுக்கு என் போன் அடிச்சுது. மருமகன் ஸ்டீபன். "அத்தே, கிரேஸிக்கு வீட்லயே ரத்தம் போக ஆரம்பிச்சிடுச்சு, ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம், உடனே ஆபரேஷன்ங்காங்க"ன்னு அழுதான். ஒம்போது நாள் கழிச்சு வரவேண்டியது ஆறு நாள் முந்தியே வந்துடுச்சு. ஆட்டோவுல ஹபீபா என் கையைப் பிடிச்சிட்டே வந்தா. ஏசப்பா, ஏசப்பான்னு சொன்னதைத் தவிர எனக்கு அந்த வழி ஒண்ணுமே ஞாபகமில்ல.

ஆஸ்பத்திரிக்குள்ள ஓடினப்போ, ரத்தம் கேக்குற கவுண்டர் பக்கத்துல மஞ்சப்பையோட அவரு நின்னுக்கிட்டு இருந்தாரு. மூச்சு வாங்குச்சு. கவுண்டர்ல இருந்த நர்ஸ் பிள்ளை ஸ்டீபன்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்துச்சு: "முதல் வங்கியில ஓ நெகட்டிவ் இல்லைன்னு கேட்ட உடனே வந்துருச்சு சார். ரெண்டாவது வங்கியில மூணு பாட்டில் இருக்கு. வண்டி கிளம்பிடுச்சு, பத்து நிமிஷத்துல வந்துடும்."

பத்து நிமிஷம் ஆகல, எட்டு நிமிஷத்துல வந்துச்சு. நாலரை மணிக்குப் பேத்தி பிறந்தா, ரெண்டே முக்கால் கிலோ, தலை நிறைய முடி. அஞ்சு மணிக்கு கிரேஸி கண்ணைத் திறந்து, "எம்மா, பசிக்குது"ன்னா. அந்த வார்த்தையைக் கேட்டுட்டு நான் அங்கேயே தரையில உக்காந்து வாய்விட்டு அழுதேன். ஹபீபா சிரிச்சா, அழுதா, ரெண்டையும் ஒண்ணாவே செஞ்சா.

அப்புறம் வராந்தாவுக்கு வந்து அவரைத் தேடுனேன். கிளம்பிக்கிட்டு இருந்தாரு. "இருங்க, பிள்ளையைப் பாத்துட்டுப் போங்க"ன்னேன். "இல்லைம்மா, வேற யாரோ இல்லாததைக் கேக்காங்க"ன்னாரு. தலையை இடமும் வலமுமா ஆட்டுனாரு, ஆனா இந்தத் தடவை சிரிச்சுக்கிட்டே ஆட்டுனாரு.

இப்பவும் ரிலீஸ் வாரம் வந்தா எங்க ஆபீஸ்ல எல்லாரும் கூடி நின்னு, முதல்ல பிழைகளோட பக்கத்தைத்தான் சத்தமாப் படிக்காங்க, சாருதான் படிப்பாரு. மதியம் பூசணிக்காய் மோர்க்குழம்பு. எனக்கு அம்பத்தி மூணு வயசாகுது, எத்தனையோ பேரு எத்தனையோ இடத்துல என்னைப் பாத்து இல்லைன்னு சொல்லியிருக்காங்க. ஆனா 'இல்லை'ன்னு சொன்ன ஒரு மனுசனை, ஆஸ்பத்திரி வராந்தாவுல எல்லாரும் பாக்க, கையெடுத்துக் கும்பிட்டேன்னா, அது அவரை மட்டும்தான்.